ராக்கெட் க்யூவில் நின்ற செருப்புகள்

எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த அன்று, கேக் வெட்டுவதற்கு முன்னால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு சந்தேகம் கேட்டார்கள். "மேடம், இப்ப எல்லாரும் ஃபோன்லயே ஸ்டார் போட்டுடறாங்க. இத்தனை வருஷமா உங்க வேலை என்னதான் மேடம்?" கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டுக்காரரே கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஊருக்கெல்லாம் அபிப்பிராயம் கேக்கறியே, உன் சாம்பாரைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதுண்டா?" என்பது அவருடைய நிரந்தரப் புகார். கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கேக் உருகிக்கொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அடையாறு பக்கம் ஒரு தீம் பார்க்கில் நான் கருத்து கேட்கும் அம்மாவாக இருந்தேன். அதற்கு முன்னால் தி.நகர் தெருக்களில் வீடு வீடாகப் படியேறி, சோப்பு நன்றாக நுரைக்கிறதா என்று கேட்டேன். பிறகு மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, தொலைபேசியில் அதையே கேட்டேன். இரண்டு இடத்திலும் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நம் ஜனங்கள் அபிப்பிராயம் சொல்லத் தயங்குவதே இல்லை. நாம் கேட்ட விஷயத்தைப் பற்றிச் சொல்வதற்குத்தான் தயங்குவார்கள். சோப்பைப் பற்றிக் கேட்டால் நாத்தனாரைப் பற்றிச் சொல்வார்கள்.

பார்க்கில் என் பொறுப்பு 'ராக்கெட்'. பெயர்தான் ராக்கெட், அது எங்கும் போகாது. ஒரு பெரிய இரும்புப் பெட்டி, உள்ளே வரிசையாக நாற்காலிகள், எதிரே ஒரு திரை. திரையில் செவ்வாய்க் கிரகம் வந்தால் பெட்டி முன்னால் குனியும். விண்கல் வந்தால் பக்கவாட்டில் குலுங்கும். தரையை விட்டு ஓர் அடி நகராமல் அண்டவெளியைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். பயணம் நான்கு நிமிஷம். அதற்கு நிற்கும் க்யூவோ, லீவு நாளில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் இதை நினைத்துத்தான் சொல்லிவைத்தார்கள் போலிருக்கிறது.

என் மேலதிகாரி ஸ்ரீதரன் சார். மயிலாப்பூர்க்காரர், மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. யாரையும் அவர் உரக்கக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திட்டவேண்டும் என்றால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு, "நான் தப்பா புரிஞ்சுண்டிருக்கலாம்" என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எங்கள் பக்கத்து நியாயத்தையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிடுவோம். அவர் தப்பாகப் புரிந்துகொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

முதல் நாள் நான் ராக்கெட்டின் வெளிவாசலில் நின்றுகொண்டு, இறங்கி வந்தவர்களிடம் எல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒருவர் விடாமல் "சூப்பர்" என்றார்கள். முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கூட "சூப்பர்" என்றார். நான் பெருமையோடு போய்ச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் தப்பா புரிஞ்சுண்டிருக்கலாம். ஒரு மணி நேரம் வெயில்ல நின்னவன், வெளியில வந்த ஒடனே நன்னா இல்லேன்னு சொல்லுவானோ? சொன்னா, அசடு யாரு? நின்ன அவன்தானே?"

அன்றுதான் எனக்குப் பாடம் நடந்தது. ராக்கெட்டைப் பற்றி வாசலில் கேட்கக் கூடாது, கொஞ்சம் தள்ளி இருக்கிற சோடாக் கடையில் கேட்கவேண்டும். அதுவும் முதல் மடக்கு உள்ளே போன பிறகு. க்யூவைப் பற்றிக் கேட்பதானால் க்யூவிலேயே கேட்கவேண்டும், ஏசிக்குள் போய்விட்டால் எல்லோருக்கும் பெரிய மனசு வந்துவிடும். குடும்பமாக வந்தால், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருடைய மாமியாரிடம் கேட்கவேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், திருத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிரிக்கக் கூடாது.

"சிரிச்சிண்டே கேட்டேள்னா, உங்க மனசு நோகப்படாதேன்னு பொய் சொல்லுவா. கரண்ட் பில் வாங்கறவா மாதிரி மூஞ்சிய வச்சுக்கோங்கோ" என்றார் சார். எனக்கு அது இயல்பாகவே அமைந்த முகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அப்படிக் கேட்டபோதுதான் நிஜமான கருத்துகள் வந்தன. "சீட்டுதான் ஆடுது, ஊர் எங்கயும் போவல." "செவ்வாய்ல ஒரு கடைகண்ணி கூட இல்லியே, இதுக்கா இவ்ளோ தூரம்?" "ஏசி நல்லாருந்திச்சு. நான் தூங்கிட்டேன்." மாம்பலத்திலிருந்து வந்த ஒரு மாமியார், மருமகனைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "இதைவிட, வர்றப்ப ஷேர் ஆட்டோ நல்லா குலுக்கிச்சு. அதுல க்யூவும் இல்ல." எல்லாவற்றையும் கையிலிருந்த டேப்லெட்டில் அப்படியே தட்டி ஏற்றுவேன். சாயங்காலம் சார் வாசிப்பார். அவருக்கு மட்டும் சிரிக்க அனுமதி உண்டு.

இனி செருப்புக்கு வருகிறேன்.

ராக்கெட்டின் க்யூ திறந்த வெளியில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். மேலே கூரை கிடையாது. பக்கத்திலேயே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு, அதன் நிழல் ஒரு முழம்கூடக் க்யூவின் மேல் விழாது. வரைபடம் போட்டவர் மரத்தோடு ஏதோ பழைய பகை உள்ளவர்.

ஒரு சித்திரை வெயிலில், பங்கஜம் மாமி என்று ஒருவர் வந்தார். மயிலாப்பூரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிநேகிதிகள் நாலைந்து பேரோடு வருவார், ஆண்டு முழுவதற்குமான பாஸ் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தன் நீலப் பையைக் க்யூவில் தான் நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர், அவரைப் போலவே அடிக்கடி வருகிற ஓர் ஆதம்பாக்கத்துக்காரர். ரேஷன் கடையில் பை வைத்து, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வளர்ந்தவர். அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றி மாமியின் பைக்குப் பின்னால் வைத்துவிட்டு, சுடு தரையில் துள்ளிக் குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடினார். அரை மணி நேரத்தில் க்யூ முழுக்கச் செருப்பும் பையும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றது. மனிதர்கள் எல்லோரும் மரத்தடியில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

சார் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "கோவில்ல வாசல்ல விடறோம், இங்க வரிசையில விடறோம். தப்பில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்று வந்தால் சட்டமும் வரும். செருப்பு ஜோடியாக, முன்னால் பார்த்தபடி இருக்கவேண்டும். காலிப் பிளாஸ்டிக் பை செல்லாது. வெயில் உறைக்காத நாலைந்து இளவட்டங்கள் எப்போதும் க்யூவிலேயே நிற்பார்கள், முன்னால் இடம் காலியானதும் எல்லாவற்றையும் காலால் தள்ளிவிடுவது அவர்கள் பொறுப்பு. வாசலுக்கு வந்த பொருளுக்கு ஆள் வரவில்லையென்றால் அது கடைசிக்குப் போய்விடும்.

இதை நடத்தி வைத்தவர் வாசலில் நின்ற ஜப்பார் பாய். ராயப்பேட்டைக்காரர். ராக்கெட்டை ஓட்டுவதும் அவர்தான், பெல்ட் மாட்டிவிடுவதும் அவர்தான். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. "பச்ச வாரு செருப்பு யாருதும்மா? ராக்கெட்டு கெளம்பிக்கினு கீது! செவ்வா கெரகம் உனுக்காவ வெயிட் பண்ணாது நைனா, ஓடியா!" மரத்தடியிலிருந்து யாராவது வாயில் முறுக்கோடு ஓடி வருவார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், வெளியூரில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம் க்யூவுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியது. அது படம் மட்டும் பிடிக்கிற கேமரா அல்ல, தலைகளை எண்ணுகிற கேமரா. எந்த விளையாட்டுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அங்கே உட்கார்ந்தபடியே பார்ப்பார்களாம். மாட்ட வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். நாங்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு மறந்துவிட்டோம்.

சில மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது கண்ணாடி ஏற்கனவே கையில் இருந்தது. ஆனால் அவர் அதைத் துடைக்கவில்லை.

"உக்காருங்கோ கோமதி. காபி சொல்லட்டுமா?"

அவர் காபி சொன்னால் விஷயம் பெரியது என்று அர்த்தம். மின்னஞ்சலை அவரே வாசித்தார். ராக்கெட்டுக்கு மத்தியான வேளையில் ஏழெட்டுப் பேருக்கு மேல் காத்திருப்பதில்லை என்று கேமரா சொல்கிறது. ஆனால் கருத்துப் பதிவுகளிலோ, அதே நாளில், அதே வேளையில், ஒரு மணி நேரம் காத்திருந்ததாகப் பார்வையாளர்கள் குமுறியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கருத்துகள் யாரிடமும் கேட்காமலே எழுதப்பட்டவை என்று கருதவேண்டியிருக்கிறது. ஆள் வராத ராக்கெட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குதிக்கிற மெத்தை போடலாம். கருத்து கேட்கும் பணியையும் முடித்துக்கொள்ளலாம்.

எங்கள் பார்க்கில் உள்ளே நுழைய ஒரே டிக்கெட், அதற்குள் எல்லாம் அடக்கம். ராக்கெட்டுக்குத் தனிச் சீட்டு கிடையாது. பெட்டி எத்தனை தடவை ஆடியது என்று இயந்திரம் சொல்லும், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்லாது. ஆக, ஜனங்கள் நின்றார்கள் என்பதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வார்த்தையைத்தான் பொய் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியவள் நான். "சோடா நல்லாருக்கு, ராக்கெட் சுமார்" என்று சொன்னால் சோடாவைக்கூட விடாமல் எழுதினவள். வேலை போனால் போகட்டும், வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றாவது பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பொய்க்காரி என்ற பெயரோடு வீட்டுக்குப் போக எனக்கு மனசில்லை. ஜப்பார் பாயை நினைத்தாலும் பாவமாக இருந்தது. அண்டவெளிக்குப் போய் வந்த மனிதரை மெத்தைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆவார்?

சார் அப்போதே என் எதிரில் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். பொறுமையாக விளக்கினார். "இல்லை சார், மனுஷா மரத்தடியில இருக்கா. வரிசையில அவாளோட செருப்பு நிக்கறது... ஆமாம் சார், செருப்பு... காலணி. தானா நிக்கறது." மறுமுனையில் அந்த வார்த்தையை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, ஓர் ஆளை அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள். செருப்பைப் பார்க்க அனுப்புகிறார்களா, சாரின் மனநிலையைப் பார்க்க அனுப்புகிறார்களா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வந்த பையன் பெயர் விவேக். தமிழ்ப் பையன்தான், வடக்கே படித்து வளர்ந்தவன் என்று பேச்சிலேயே தெரிந்தது. பளபளவென்று கறுப்பு ஷூ, கழுத்தில் அட்டை. என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், தனிப்பட்ட முறையில எடுத்துக்காதீங்க. மக்கள் மாத்திச் சொல்லுவாங்க. கேமரா சொல்லாது." மரத்தடியைக் காட்டி, "அங்கே வந்து பாருங்க தம்பி" என்றேன். "அது பிக்னிக் ஏரியாதானே மேடம்? நானே க்யூல நின்னு பார்க்கிறேன். நீங்க யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது" என்றான். நான் வாயை மூடிக்கொண்டு சோடாக் கடைக்குப் போய் நின்றேன். அங்கிருந்து எல்லாம் தெரியும்.

பள்ளிக்கூட லீவு நாள். க்யூ நிறைய செருப்பு. விவேக் கம்பிக்குள் நுழைந்து ஒரு பார்வை பார்த்தான். தூரத்தில் வாசலுக்குப் பக்கத்தில் நாலைந்து இளவட்டங்களின் தலை தெரிந்தது. நடுவில் யாரும் இல்லை. கீழே யாரோ குப்பை போட்டது போல் ஏதோ கிடந்தது. அவன் விறுவிறுவென்று செருப்புகளைத் தாண்டினான், குடையைத் தாண்டினான், தண்ணீர் பாட்டிலைத் தாண்டினான், நீலப் பையைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்கினான்.

தூங்குமூஞ்சி மரம் விழித்துக்கொண்டது. நாற்பது பேர் ஒரே சமயத்தில் எழுந்து நின்று கத்தினால் எப்படி இருக்கும்?

"ஹலோ! ஹலோ சார்! கண்ணு தெரியல?"

"யோவ், பேண்ட் போட்டுக்கினா முன்னாடி பூந்துருவியா?"

பங்கஜம் மாமி மரத்தடியில் கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் இறங்கியே வந்துவிட்டார். "யாருப்பா நீ? பார்த்தாப் படிச்சவனாட்டம் இருக்கே. க்யூ தெரியாதா நோக்கு?"

விவேக் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். "மேடம், இங்கே யாருமே இல்லையே?"

"யாருமே இல்லையா? அந்த நீலப் பை நான்தான்!"

"பின்னாடி கீற ரப்பர் செருப்பு நானு" என்றார் ஆதம்பாக்கத்துக்காரர். "குட எங்க வூட்டம்மா."

வாசலிலிருந்து ஜப்பார் பாயின் குரல் வந்தது. "நைனா, இன்னா பண்றே? அது பை இல்ல, பெரிய மன்சி. மன்சிய தாண்டக் கூடாது. அப்டியே ரிவர்ஸ் எடு."

அவன் ரிவர்ஸ் எடுத்தான். ஒவ்வொரு செருப்பாகத் தாண்டிப் பின்னால் போகும்போது, அவன் உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டே போனான். கடைசியில் போய் நின்று மேலே கேமராவைப் பார்த்தான், கீழே செருப்பைப் பார்த்தான், மரத்தடியைப் பார்த்தான். அப்புறம் வெகு நேரம் எதையும் பார்க்காமல் வெயிலில் நின்றான்.

மாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இந்தாப்பா, மூஞ்சியெல்லாம் செவந்துடுத்து. ஷூவ விட்டுட்டு இங்க வந்து உக்காரு. யாரும் எடுத்துண்டு போகமாட்டா."

அந்தப் பளபள ஷூ, ரப்பர் செருப்புகளுக்கெல்லாம் பின்னால் தனியாக நின்றது. அவன் சாக்ஸோடு மரத்தடிக்குப் போனான். யாரோ முறுக்கு கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் தின்றுவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பேச ஆரம்பித்தான். போன இடமெல்லாம் தலையை ஆட்டி அவனைத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஜப்பார் பாய்தான் பின்னால் வந்து நடித்துக் காட்டினார்.

"எவ்ளோ நேரமா நிக்கறீங்கன்னு கேக்கறான். மாமி இன்னா சொல்ச்சு தெரியுமா? 'எல்லாத்தையும் அந்தம்மாட்ட சொல்லியாச்சுப்பா. ஒரே கதைய எத்தனை பேருக்குச் சொல்றது? அவாளைப் போய்க் கேளு. அவா சொன்னா நாங்க சொன்ன மாதிரி'ன்னுச்சு. அடுத்த ஆளும் அதான். அதுக்கு அடுத்த ஆளும் அதான். பையன் அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சு பூட்டான் கோமதியம்மா."

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் பிழைத்தது. என் வேலையும் பிழைத்தது. கேமராவை மரத்தடிப் பக்கம் திருப்பி வைக்கும்படி உத்தரவு வந்தது. சார் அந்த உத்தரவை இரண்டு தடவை வாசித்துச் சிரித்தார். அதெல்லாம் எழுத்தில் வந்த நியாயம். எனக்கு நியாயம் கிடைத்தது அன்றைக்கே, சோடாக் கடையில்.

ஆதம்பாக்கத்துக்காரர் தன் பயணத்தை முடித்துவிட்டு, கழுத்து வலியைப் பற்றி என்னிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி தன் முறைக்குக் காத்திருந்தார். மரத்தடியிலிருந்து சாக்ஸ் காலோடு விவேக் வந்தான். நெற்றியில் வேர்வை, சட்டையில் முறுக்குத் தூள்.

"மேடம், ஒரு நிமிஷம்..."

ஆதம்பாக்கத்துக்காரர் திரும்பினார். "தம்பி, நான் பேசிக்கினு கீறேன்ல? பின்னாடி வா."

அவன் அந்த அம்மாளுக்குப் பின்னால் போய் நின்றான். நான் அவசரப்படவில்லை. கழுத்தை முழுவதும் கேட்டேன். அந்த அம்மாள் சொன்னதையும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கேட்டேன். அவர்கள் போனார்கள். தலைமை அலுவலகத்துப் பையன் முன்னால் வந்து, என் முகத்தைப் பார்க்க முடியாமல் என் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான்.

"மேடம்... அவங்க எல்லாம் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"